இடம் மாறிய ஜன்னல்

அந்தப் பெண் படியேறி வந்தபோது, அவசரம் காலை நீட்டி உட்கார்ந்து போனில் தேர்தல் சண்டை பார்த்துக்கொண்டிருந்தான். அவசரம் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. எதையும் பாதி கேட்டதும் மீதியைத் தானே சொல்லிவிடும் அவனுக்கு வீட்டார் கூடிச் சூட்டிய பட்டம். முப்பது வயதாகியும் அதற்குக் குறை வைக்காமல் நடந்துகொண்டிருந்தான்.

துப்பறியும் அலுவலகம் அவனுடைய அண்ணியுடையது. எரிந்த கடைகளையும் நசுங்கிய வண்டிகளையும் பார்த்து, எது நிஜம், எது ஜோடனை என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லும் வேலையில் பல வருடம் இருந்தவள். அது அலுத்துப்போய், அச்சகத்துக்கு மேலே இந்த அறையைப் பிடித்தாள். கொழுந்தனுக்கு வேறு வேலை அமையவில்லை, வந்து ஒட்டிக்கொண்டான்.

“உட்காரும்மா. முதல்ல தண்ணி குடி” என்றாள் அண்ணி.

வந்தவள் உட்காரவில்லை. போனை மேசைமேல் வைத்தாள். திரையில் ஒரு நடுவயது மனிதர் காரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் குறுக்கே சிவப்பு எழுத்தில் ‘துரோகி’ என்று இருந்தது.

“இது எங்க வீட்டுக்காரர். தேர்தல்ல நிக்கிறாங்களே நர்ஸம்மா, அவங்க வண்டியை ஓட்டுறவர். சத்தியமாச் சொல்றேன், அவர் இதைச் செய்யலைங்க.”

அந்தப் படத்தை அவசரத்துக்குத் தெரியும். நேற்றுதான் குடியிருப்புக் குழுவிலும் சொந்தக்காரர்கள் குழுவிலும் அதைத் தட்டிவிட்டிருந்தான். சும்மா அனுப்பினாலாவது பரவாயில்லை. ‘கூட இருந்தே குழி பறிக்கிற இவனை ஊரே காறித் துப்பணும்’ என்று கீழே எழுதி, யார் யார் கட்டைவிரல் தூக்கினார்கள் என்று எடுத்து எடுத்துப் பார்த்து மகிழ்ந்துமிருந்தான். இப்போது போனைத் தொடைக்கு அடியில் மறைத்துக்கொண்டான்.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். முந்தாநாள் காலையில் பெயர் தெரியாத ஒரு பக்கத்தில் சின்ன வீடியோ வந்தது. நர்ஸம்மா தன் வீட்டுச் சமையலறையில் நின்று, “இதுங்களுக்குக் கட்டில் எதுக்கு? தரையில படுத்துப் பழக்கப்பட்டதுங்கதானே!” என்கிறார். ஏழைகளை இப்படிப் பேசினால் யார் பொறுப்பார்கள்? ஊரே கொந்தளித்தது. பிற்பகலில் கட்சியின் பக்கத்தில் முழு வீடியோ வந்தது. அதில் நர்ஸம்மா, “எங்க பெரிய டாக்டர் நோயாளிங்களைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா?” என்று ஆரம்பித்துவிட்டுத்தான் அந்த வார்த்தைகளைச் சொல்கிறார். “அதைக் கேட்டப்புறம் அந்த ஆஸ்பத்திரியில இருக்கப் பிடிக்கல, வேலையை விட்டேன்” என்று முடிக்கிறார். தலையை வெட்டி, வாலை வெட்டி, நடுவை மட்டும் யாரோ விட்டிருக்கிறார்கள்! திட்டியவர்களெல்லாம் அனுதாபப்பட ஆரம்பித்தார்கள். எடுத்துக் கொடுத்தவன் யார் என்ற கேள்விக்கு அன்று சாயங்காலமே இந்தச் சிவப்பு எழுத்துப் படம் பதிலாக வந்தது.

“அன்னைக்கு ராத்திரி அவர் வீடு திரும்பினதும் கட்சிப் பசங்க வந்து அவர் போனைப் பிடுங்கிட்டுப் போனாங்க. நர்ஸம்மா ஒரு வார்த்தை கேக்கல, வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டுப் படுத்தே கிடக்கார். மக பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறா. போலீஸ்ல, தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்ங்கறாங்க. அதுக்குள்ள அவர் ஏதாவது பண்ணிக்கிட்டார்னா?”

“எதிர்க்கட்சிக்காரன் வேலைதான் அண்ணி! சந்தேகமே இல்ல” என்றான் அவசரம், தேவைக்கு மேல் சத்தமாக.

“ஆரம்பிச்சுட்டியா?” என்றாள் அண்ணி. இரண்டு வீடியோக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “சின்ன வீடியோவுல ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?”

“இடது பக்கம்.”

“முழு வீடியோவுல?”

அவன் பார்த்தான். வலது பக்கம் இருந்தது. நர்ஸம்மாவின் கைக்கடிகாரமும் ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தாவியிருந்தது. “ரெண்டு பேர் ரெண்டு பக்கத்துலேருந்து எடுத்திருக்காங்க!”

“பக்கம் மாறி நின்னு எடுத்தா ஜன்னல் மாறலாம். கடிகாரம் எப்படிக் கை மாறும்? ரெண்டும் ஒரே படம்தான். ஒண்ணைக் கண்ணாடியில பார்க்கிற மாதிரித் திருப்பி விட்டிருக்காங்க. ஏன்னுதான் தெரியல.”

அந்தப் பெண்ணை ஆறுதல் சொல்லி அனுப்பிய பிறகு, அண்ணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நம்ம குடியிருப்புக் குழுவுல நானும் இருக்கேன், ஞாபகம் இருக்கா?”

அவனுக்குக் காது வரை சுட்டது. “எல்லாரும் அனுப்பினாங்க அண்ணி...”

“எல்லாரும் அனுப்பினாங்க. கீழே எழுதினது நீ மட்டும்தான்.” அதோடு விட்டுவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அன்று மாலை இருவரும் போய்ப் பார்த்தபோது, நர்ஸம்மா வீட்டுச் சமையலறையில் ஜன்னல் வலது பக்கம்தான் இருந்தது. பிரசாரத்தில் தொண்டை கட்டிப்போயிருந்த நர்ஸம்மா, அடுப்படியில் நின்றபடி வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தார்.

“அன்னைக்கு இங்க யாரெல்லாம் இருந்தாங்க?” என்று கேட்டாள் அண்ணி.

“நான், என் தம்பி, டிரைவர். அந்தப் பக்கம் நின்னு டீ குடிச்சுக்கிட்டிருந்தார். என் தம்பியா எடுத்து விடப்போறான்? கட்சியோட போன் வேலை பூரா அவன் தலையிலதான். நான் சமைக்கிறது, செடிக்குத் தண்ணி ஊத்துறது எல்லாத்தையும் எடுப்பான். ஜனங்களுக்கு வீட்டு மனுஷியைக் காட்டணுமாம். எப்ப எடுக்கிறான்னே எனக்குத் தெரியாது.”

“முழு வீடியோ வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“வண்டியில. மதியச் சாப்பாடு முடிஞ்சு கிளம்பினவங்க, இருட்டுறப்பதான் திரும்பினோம். புதுப் பகுதி, ஒரு தெருவும் தெரியாது. அவர் தன் போனை முன்னாடி மாட்டி வச்சு, அது வழி சொல்லச் சொல்ல ஓட்டினார். அந்தப் போன்லயே என்னைப் படம்பிடிச்சு வித்திருக்கார்னு நினைச்சா மனசு ஆறல. எத்தனை வருஷப் பழக்கம்! எங்கம்மா செத்தப்ப என்னைவிட அவர்தான் அதிகமா அழுதார்.”

அவசரம் வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள். மூடிக்கொண்டான்.

நர்ஸம்மாவின் தம்பியை எல்லோரும் அட்மின் என்றுதான் கூப்பிட்டார்கள். கட்சியின் எல்லாக் குழுக்களுக்கும் அவன்தான் அட்மின். அதே வீட்டு மாடி ஹாலில் நீள மேசை போட்டு, சின்னஞ்சிறுசுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அடேயப்பா, என்ன வேகம்! ஒருத்தர் பாட்டு சேர்க்க, ஒருத்தர் எழுத்து போட, ஒருத்தர் பத்துப் பேர் பெயரில் ‘அருமை, அருமை’ என்று தட்டிக்கொண்டிருந்தார். ஓரத்திலிருந்த பெண், எதிர்க்கட்சிக்காரர் மேடையில் தடுக்கி விழுந்த காட்சியைத் திரையில் இடம் வலமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கும்மா திருப்புற?” என்று கேட்டாள் அண்ணி.

“அப்படியே போட்டா, இது ஏற்கெனவே வந்த படம்னு ஆப் கண்டுபிடிச்சு அமுக்கிடும் மேடம். யாருக்கும் காட்டாது. திருப்பிட்டா புதுசுன்னு நினைச்சுக்கும். இங்க வந்ததும் எங்களுக்குக் கத்துக்குடுக்கிற முதல் பாடமே இதுதான்.”

அண்ணி அட்மினிடம் திரும்பினாள். “முழு வீடியோ உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

“டிரைவர் போன்லதான்” என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “காலையில அந்தத் துண்டு வந்ததும் எனக்குச் சந்தேகம். போனை வாங்கிப் பார்த்தா முழுசும் உள்ள கிடக்கு. உடனே வெளியிட்டோம்.”

“வெளியிடறதுக்கு முன்னாடியே போன் உங்க கைக்கு வந்துடுச்சா?”

“பின்ன? வராம எப்படி வெளியிட முடியும்?” என்று சிரித்தான்.

மறுநாள் காலை நர்ஸம்மா வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். டிரைவர் வரவில்லை, அவருடைய மனைவி கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அவசரம் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

அண்ணி குரலை உயர்த்தாமல் ஆரம்பித்தாள். “ஒருத்தர் திருட்டுத்தனமா எடுத்தார், நடுத்துண்டை வெட்டி விட்டார்னு வச்சுக்குவோம். அந்தப் படம் அதுக்கு முன்னாடி எங்கயும் வந்ததில்ல. அப்புறம் எதுக்கு இடம் வலமாத் திருப்பணும்? ஏற்கெனவே வந்த படத்தைத்தான் திருப்பணும்னு இந்த வீட்டு மாடியிலயே சொன்னாங்க.”

அவள் அட்மின் பக்கம் திரும்பினாள்.

“ஒரே ஒரு காரணம்தான் இருக்கு. அதே படம் பின்னாடி வரப்போகுதுன்னு முதல்ல விட்டவருக்குத் தெரியும். முழு வீடியோ வர்றப்ப ஆப் அதைப் பழசுன்னு அமுக்கிடக் கூடாது, ஊர் பூரா போய்ச் சேரணும். அதனால துண்டைத் திருப்பிட்டு, முழுசை நேராவே வச்சுக்கிட்டார். துண்டு வெளியே போறதுக்கு முன்னாடியே முழுசும் அவர் கையில தயாரா இருந்திருக்கு.”

“அது டிரைவர் போன்ல...” என்று ஆரம்பித்தான் அட்மின்.

“அந்தப் போன் அன்னைக்குப் பிற்பகல் எங்க இருந்துதுன்னு உங்க அக்காவைக் கேளுங்க.”

நர்ஸம்மாவின் கையிலிருந்த டம்ளர் நின்றது. “என் கண்ணு முன்னாடி இருந்துது” என்றார் மெதுவாக. “அதான்டா எங்களுக்கு வழி சொல்லிக்கிட்டிருந்துது.” பிறகு தம்பியையே பார்த்தார். “நீயா?”

அட்மின் கொஞ்ச நேரம் மழுப்பிப் பார்த்தான். முடியாதபோது கோபம் வந்தது. “ஆமா, நான்தான்! உன்னை எத்தனை பேருக்குத் தெரியும்? நல்லவங்கன்னு சொன்னா எவன் பார்க்கிறான்? முதல்ல திட்ட வச்சு, அப்புறம் அழ வச்சேன். இப்ப ஜனம் உன் பக்கம் நிக்குதா இல்லையா?”

“அந்த மனுஷன் என்னடா பண்ணார்?”

“யார் செஞ்சாங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. காட்டறதுக்கு ஒரு மூஞ்சி வேணும்ல? ஓட்டு முடியட்டும் அக்கா. அப்புறம் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம்.”

கதவோரம் நின்றவள் விசும்பவில்லை, சபிக்கவில்லை. “ஒரு மூஞ்சி” என்று மட்டும் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நர்ஸம்மா முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். ஒரு கட்டிலுக்காக வேலையையே விட்டவர், ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரு மனிதரை வெளியே தள்ளியிருந்தார். அந்த அவமானம் அவரை உட்காரவிடவில்லை. செருப்பைத் தேடினார். “வாங்க. இப்பவே போவோம்.”

டிரைவர் வீடு குறுகலான தெருவின் கடைசியில் இருந்தது. கூப்பிட்டபோது மனிதர் வாசலுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். படத்தில் சிரித்தவர் இவர்தான் என்று நம்புவதே கஷ்டமாக இருந்தது.

நர்ஸம்மா பேச வாயெடுத்தார். பின்னாலேயே வந்திருந்த அட்மின் போனை உயர்த்திப் பிடித்தான். கை தானாகப் போயிருக்க வேண்டும். பிடித்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

“அதை உள்ள வைங்க” என்றார் டிரைவர். “படம் போதும். சொல்றதைத் தெருவுல நின்னு சொல்லுங்கம்மா. என் மககூடப் படிக்கிற பிள்ளைங்க இங்கதான் இருக்கு.”

நர்ஸம்மா தெரு நடுவில் போய் நின்றார். மைக் இல்லை. கட்டிப்போன தொண்டையில், தன் தம்பி செய்ததையும் தான் செய்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கதவுகள் திறந்தன. சிலர் கேட்டார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். எதிர் வீட்டுக்காரர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அவரும் யாருக்காவது அனுப்பியிருப்பார் போலும்.

கூட்டம் கலைந்த பிறகும் அவசரம் வாசலிலேயே நின்றான். கிளம்பலாம் என்று அண்ணி கூப்பிடவில்லை. அவன் ஒருவழியாக டிரைவர் பக்கம் போனான்.

“அண்ணே, அந்தப் படத்தை நானும் அனுப்பினேன். காறித் துப்பணும்னு கீழே எழுதினேன். எங்க குடியிருப்புல இன்னைக்கே வீடு வீடாப் போய் நடந்ததைச் சொல்லிடறேன். என்னை மன்னிச்சிடுங்க.”

டிரைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும்.

“நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதே தம்பி” என்றார். “உங்களுக்கும் என்னைத் தெரியாது. அதான் எனக்கு இன்னும் விளங்கல.”

உள்ளேயிருந்து ஒரு சிறுமியின் குரல் பயந்துபோய்க் கேட்டது: “யாருப்பா அது?”

“தெரிஞ்சவர்தாம்மா” என்றார் டிரைவர். “பயப்படாம வா. வரும்போது குடிக்கத் தண்ணி கொண்டுவா.”

தண்ணீர் வரும்வரை அவசரம் தலை நிமிராமல் நின்றுகொண்டிருந்தான்.