நீளமாக ஒரு விசில்

மிக்ஸி அன்றைக்கு வேறு மாதிரி கத்தியது.

வழக்கமாக உர்ரென்று ஓடும். இன்று கூழாங்கல்லை விழுங்கியது போலக் கடகடவென்று கத்தியது. மிளகு பயந்துபோய் நிறுத்திவிட்டாள்.

மிளகு அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆள் சின்னது, பேச்சு காரம் என்று அப்பா வைத்த பட்டப்பெயர். வீட்டுக்குள் பேச்சு காரம்தான். வெளியே போனால் பயந்தாங்கொள்ளி. இடிச் சத்தம் பயம், பல்லி பயம், நடைமேம்பாலம் பயம், அப்பா வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் வண்டிகளின் நேரத்தைக் கவனிக்கும் டைம் கீப்பர் மேடம் என்றால் எல்லாவற்றையும் விடப் பெரிய பயம்.

"அரைச்சாச்சாம்மா?" என்று குளியலறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"மிக்ஸி கத்துதுப்பா!"

"வயசான மிக்ஸி, முனகத்தான் செய்யும். கொஞ்சம் தண்ணி விட்டு ஓட்டு!"

தண்ணீர் விட்டாள். கடைசியில் எல்லாம் வெள்ளை வெளேரென்று விழுதானது.

அப்பா பேருந்து ஓட்டுநர். டிப்போவில் எல்லாரும் வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஏதாவது செய்து கொண்டுவர வேண்டும். போன முறை அப்பா கொண்டுபோனது அடியும் கருகி, மேலும் கருகி, நடுவில் மட்டும் வேகாமல் இருந்தது. அன்றிலிருந்து அவருக்கு அங்கே 'கரிக்கட்டை' என்று பெயர். வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிடும். மிளகு அதைக் கவனித்திருந்தாள்.

இந்த முறை அவமானப்படக் கூடாது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அவருடைய பேருந்தில் தினமும் வரும் ஒரு சமையல்காரர், இத்தாலியில் மொச்சை மாதிரி இருக்கும் வெள்ளை பீன்ஸ் கொட்டையை மசித்து ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள் என்று சொன்னார். செய்முறையை ஒரே நாளில் சொல்ல முடியவில்லை. ஒரு நிறுத்தத்தில் பூண்டு, அடுத்த நிறுத்தத்தில் எலுமிச்சை என்று ஒரு வாரம் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ," என்று காலையிலேயே அப்பா மிளகிடம் சொல்லியிருந்தார். "ஊற வச்ச தண்ணியைக் கொட்டிடணும். புதுத் தண்ணியில பீன்ஸ் தளதளன்னு கொதிச்சு, மெத்துனு வேகணும். வேகாத பீன்ஸைச் சாப்பிட்டா வாந்தி, வயித்துப்போக்கு, ஆளையே சுருட்டிப் போட்டுடும்."

ஊறிய பீன்ஸில் பாதியை வேகவைத்து, ஆறியதும் வெந்த தண்ணீரோடே மூடிபோட்டு வைத்தார். மீதியை நாளைக்கென்று பக்கத்துப் பாத்திரத்தில் தண்ணீரோடு விட்டார். "மூடி போட்டது வெந்தது. அதைத்தான் அரைக்கணும்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மிளகும் மூடி போட்டிருந்ததைத்தான் எடுத்து அரைத்தாள்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். ஆலிவ் எண்ணெயில் பூண்டையும் ரோஸ்மேரி என்ற வாசனை இலையையும் லேசாக வதக்கி விழுதில் கொட்டினார். எலுமிச்சம்பழம் பிழிந்தார், உப்புப் போட்டார்.

"நீ கொஞ்சம் வாயில வச்சுப் பாரும்மா. எனக்குச் சளி. மண்ணைத் தின்னாலும் ருசி தெரியாது."

"ஐயே, பூண்டு! நான் மாட்டேன். தம்பியைக் கேளுங்க."

தம்பிக்கு ஆறு வயது. அவன் எந்நேரமும் பேருந்து ஓட்டிக்கொண்டிருப்பான். பாத்திரத்தின் மூடிதான் ஸ்டியரிங். "பீ......." என்று அவன் நீளமாக விசிலடித்தால் வீட்டில் எல்லாரும் இருந்த இடத்தில் சிலையாக நிற்க வேண்டும். டிப்போவில் அதுதான் வழக்கம். பின்பக்கமாக வரும் பேருந்து யாரையும் இடித்துவிடக் கூடாது இல்லையா? "பீ, பீ" என்று இரண்டு முறை அடித்த பிறகுதான் அசையலாம்.

தம்பி விரலால் தொட்டு நக்கினான். "உப்பு கரெக்ட்," என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஓடிவிட்டான்.

பள்ளிக்கு அன்று விடுமுறை. அம்மா மருத்துவமனை வேலைக்குப் போயிருந்தார். அப்பாவும் டப்பா, ரொட்டி, மேலே ஊற்றிக்கொள்ள ஒரு சின்னப் பாட்டில் ஆலிவ் எண்ணெய், இரண்டு எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அவசரமாக ஷூவை மாட்டினார். "கதவைப் பூட்டிக்கோங்க. ஏதாவதுன்னா கீழ் வீட்டு அக்காவைக் கூப்பிடுங்க. நாளைக்கு உள்ள பீன்ஸுக்குத் தண்ணி மாத்திடும்மா!" என்று படியில் இறங்கியபடியே கத்தினார்.

மிளகு சமையலறையை ஒழுங்குபடுத்தினாள். பிறகு தண்ணீர் மாற்றுவதற்காக மற்ற பாத்திரத்துக்குள் கையை விட்டாள்.

ஒரு பீன்ஸ் அவள் விரல்களுக்கு நடுவே வெண்ணெய் போல நசுங்கியது.

மிளகு இன்னொன்றை எடுத்தாள். அதுவும் நசுங்கியது.

ஊறிய பீன்ஸ் இப்படி நசுங்குமா? நசுங்காது. இது வெந்தது. அப்படியென்றால் அவள் அரைத்தது எது?

மிக்ஸி ஏன் கத்தியது என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

"டேய்! இந்த மூடியை எடுத்தியா?"

தம்பி வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். "எடுத்தேன். ட்ரிப் முடிஞ்சதும் திரும்ப வச்சுட்டேனே."

"எதுமேல வச்ச?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சுக்கா. காலியா இருந்த இடத்துல பார்க் பண்ணிட்டேன்."

காலியான இடம் இரண்டு இருந்தது. அவன் ஒன்றில் நிறுத்திவிட்டான். அது வேகாத பீன்ஸ் பாத்திரம்.

"நீ அதை நக்கினியே! வயிறு வலிக்குதா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "பசிக்குது," என்றான்.

மிளகு அம்மாவின் பழைய போனை எடுத்து அப்பாவை அழைத்தாள். மணி அடித்தது. சமையலறை அலமாரியில் அடித்தது. அப்பா தன் போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மாவை அழைத்தாள். வார்டுக்குள் இருந்தால் அம்மா எடுக்க மாட்டார். எடுக்கவில்லை.

மிளகு கண்ணை மூடினாள். ஓட்டுநர்கள் எல்லாரும் அப்பாவின் ரொட்டியைச் சாப்பிடுகிறார்கள். பேருந்துகளை எடுக்கிறார்கள். ஒவ்வொரு பேருந்திலும் நிறைய பேர் நிற்கிறார்கள். நடுச்சாலையில் ஒவ்வொரு ஓட்டுநராக வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்...

கண்ணைத் திறந்துவிட்டாள். அதற்கு மேல் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

வெந்த பீன்ஸ் இருந்த பாத்திரத்தை மூடினாள். யாராவது நம்பவில்லை என்றால் காட்ட வேண்டுமே! அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினாள்.

கீழ் வீட்டு அக்கா தையல்காரர். மடியில் காய்ச்சலோடு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய் டிப்போவுக்குப் போன் போட்டுப் பார்த்தார். லைன் பிஸியாகவே இருந்தது.

"நான் முயற்சி பண்ணிட்டே இருக்கேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே டிப்போ, நீயே போய்ச் சொல்லிடு. குறுக்கே ஓடாதே. மேம்பாலத்துல ஏறிப் போ," என்றார்.

மேம்பாலம்! அதன் தரை இரும்புத் தகடு. தகடுகளுக்கு நடுவே இடைவெளி. கீழே லாரிகள் போவது தெரியும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போகும்போதே மிளகு கண்ணை மூடிக்கொள்வாள். இன்று பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. அவள்தான் இன்னொருவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஏறினாள். ஒரு லாரி போனது. பாலம் அதிர்ந்தது. பாத்திரத்தில் தண்ணீர் தளும்பிச் சட்டையை நனைத்தது. கால்கள் நகர மறுத்தன.

"அக்கா, ரிவர்ஸ் எடுக்கவா?" என்று தம்பி மெல்லக் கேட்டான்.

"வேணாம். நேரா போ. வயிறு வலிக்குதா?"

"இல்லக்கா. பசிதான்."

மிளகு தன் கால் கட்டைவிரலை மட்டும் பார்த்தபடி நடந்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தாள்.

டிப்போ வாசலில் காவலாளி அவளை அடையாளம் கண்டு உள்ளே விட்டார். டீசல் வாசனை. இன்ஜின்களின் இரைச்சல். ஓய்வறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே நீளமான மேசையைச் சுற்றி ஓட்டுநர்களும் நடத்துநர்களும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் ரொட்டி. எல்லா ரொட்டியிலும் வெள்ளையாக, தடிமனாக, வேகாத பீன்ஸ்.

அப்பா மேசை ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். இந்த முறை உண்மையான சிரிப்பு.

"கரிக்கட்டை! பரவாயில்லையே, பார்க்கவே அழகா இருக்கே!" என்று யாரோ சொன்னார்கள்.

டைம் கீப்பர் மேடம் தலைமை இடத்தில் இருந்தார். கனத்த உடம்பு, கனத்த குரல். அவர் ரொட்டியை வாய் அருகே கொண்டுபோனார்.

மிளகு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இத்தனை பேர் முன்னால் அப்பாவின் சிரிப்பை நான் நிறுத்த வேண்டுமா? மறுபடி முயன்றாள். "சாப்..." என்று காற்றுதான் வந்தது. இன்ஜின் இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்?

அப்போது கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது கண்ணில் பட்டது. மேடத்தின் விசில்.

அதைத் தொட டிப்போவில் யாருக்கும் அனுமதி இல்லை. மிளகு பாத்திரத்தைத் தம்பியிடம் கொடுத்தாள். விசிலை எடுத்தாள். மூச்சு முழுவதையும் சேர்த்து ஊதினாள்.

பீ..............

அறை முழுவதும் உறைந்துபோனது. ரொட்டிகள் அந்தரத்தில் நின்றன. ஒருவர் திறந்த வாயைக்கூட மூடவில்லை. வெளியே பின்பக்கமாக வந்துகொண்டிருந்த ஒரு பேருந்தும் நின்றுவிட்டது. மேடமும் சிலை போல உட்கார்ந்திருந்தார். அவருடைய கண்கள் மட்டும் மெல்லத் திரும்பி மிளகைப் பார்த்தன.

"சாப்பிடாதீங்க!" இப்போது குரல் வந்தது. "பீன்ஸ் வேகலை! வேகாததை அரைச்சுட்டேன். அப்பா மேல தப்பு இல்ல. அவர் சரியாத்தான் வேக வச்சார். இதோ பாருங்க!"

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"யாராவது கடிச்சாச்சா?" என்று மேடம் கேட்டார்.

ஓர் இளம் நடத்துநர் கன்னம் உப்பியபடி மெதுவாகக் கையைத் தூக்கினார். மேடம் ஒரு பார்வை பார்த்தார். நடத்துநர் ஓடிப்போய்த் துப்பிவிட்டு, மூன்று தம்ளர் தண்ணீரில் வாய் கொப்பளித்தார்.

"நான் முழுங்கலை மேடம்! சத்தியமா!"

"அக்கா மேல தப்பு இல்ல," என்று இன்னொரு குரல் கேட்டது. பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். "நான்தான் ஸ்டியரிங்கை மாத்தி வச்சுட்டேன்."

அப்பா மண்டியிட்டு அவனைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, நீ ருசி பார்த்தியேடா! எவ்வளவு முழுங்கின?"

"முழுங்கலை. நல்லாவே இல்ல. துப்பிட்டேன்." தம்பி தயங்கினான். "உங்க ஷூவுக்குள்ள."

அப்பா தன் காலைப் பார்த்தார். "அதானா! ஷூ ஏன் வழவழன்னு இருக்குன்னு அப்பவே நினைச்சேன்!"

அறையே அதிரும்படி எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மிளகுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மேடம் எழுந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"என் விசிலை எடுத்தது நீதானே?"

"ஆமாம் மேடம்." மிளகு விசிலை அவரிடம் நீட்டினாள்.

"பாலத்துல தனியாவா வந்த?"

"தம்பியோட வந்தேன் மேடம்."

மேடம் அவளுடைய நனைந்த சட்டையைப் பார்த்தார். தம்பியின் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கி, ஒரு பீன்ஸை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "நல்லா வெந்திருக்கே. அப்புறம் என்ன வேடிக்கை? தடவினதையெல்லாம் குப்பையில கொட்டுங்க. கையைக் கழுவுங்க. புது ரொட்டி எடுங்க!"

மிக்ஸி இல்லை. அதனால் என்ன? மேடம் கனத்த தம்ளரின் அடிப்பாகத்தால் பீன்ஸை மசித்தார். அப்பா எண்ணெய் ஊற்றினார், எலுமிச்சம்பழம் பிழிந்தார். யாருடைய சாப்பாட்டுப் பையிலிருந்தோ ஒரு பூண்டுப் பல் வந்தது. ரோஸ்மேரி மட்டும் கிடைக்கவில்லை. விழுது கொஞ்சம் திப்பிதிப்பியாகத்தான் இருந்தது. ஆனால் வாசனை ஓய்வறை வாசலைத் தாண்டிப் போய், நின்றிருந்த பேருந்தின் ஓட்டுநரையும் இழுத்து வந்தது.

எல்லார் கையிலும் மறுபடி ரொட்டி. ஆனால் யாரும் கடிக்கவில்லை. எல்லாரும் மிளகைப் பார்த்தார்கள்.

மிளகு தன் ரொட்டியைப் பார்த்தாள். பூண்டு! காலையில் ஒரு துளி நாக்கில் வைத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கடி கடித்தாள். மென்றாள். மெத்தென்று இருந்தது, ஒரு துளி பச்சை வாசனை இல்லை. மெல்ல மூக்கிலிருந்து கையை எடுத்தாள். இன்னொரு கடி கடித்தாள்.

"என்ன, வண்டியை எடுக்கலாமா?" என்று மேடம் கேட்டு, விசிலை அவள் கையிலேயே வைத்தார்.

மிளகு வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினாள்.