வயிறு சிவந்த கொசுக்கள்

பூட்டிக் கிடந்த வீட்டின் கூடத்தில் வைத்த பசை அட்டையில், ஒட்டிக் கிடந்த கொசுக்களுக்கெல்லாம் வயிறு சிவந்திருந்தது.

அட்டைக்காரன் குந்தி உட்கார்ந்து டார்ச்சை அருகே கொண்டுபோனான். தெருவில் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கொசு மருந்துப் புகை அடிக்குமுன் வீடு வீடாக அட்டை வைப்பதும், புகை அடங்கியதும் முதல் ஆளாக உள்ளே போய் அதைச் செத்த கொசுவோடு எடுத்துவருவதும் அவன் வேலை. ஆளில்லாத வீட்டுக் கொசு காய்ந்த நூல்போலத்தான் ஒட்டியிருக்கும். ரத்தம் குடித்ததோ வயிற்றுப் பாரத்தோடு தூரம் பறக்காது. பக்கத்துச் சுவரிலேயே உட்கார்ந்துவிடும்.

அப்படியானால் உள்ளே ஆள் இருக்கிறது.

சாவி கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி சொன்னது வேறு. "எங்க நாத்தனார் வீடுதாங்க. அவங்க போய்ச் சேந்ததுலேருந்து ஜன்னல்கூடத் தெறக்கல. இப்ப கொசுதான் குடித்தனம் பண்ணுது."

புகை விடுமுன் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்க்கவேண்டும். பூட்டின வீடு என்றால் கூடத்திலும் நடையிலும் அட்டையை வைத்து, ஒரு குரல் கொடுத்துவிட்டு வந்துவிடுவது எல்லாருக்கும் பழக்கம். அவனும் இன்று அதைத்தான் செய்தான்.

வாசலுக்கு ஓடிவந்தான். அந்தி மங்கிக்கொண்டிருந்தது. புகை மிஷின்காரன் குழாயைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"டேய், உள்ள யாரோ இருக்காங்கடா. நாம புகைய விட்டுட்டோம்."

"மருந்து உன் மண்டைக்கு ஏறிடுச்சு மாமா. அட்டைய எடுத்துட்டு வா, அடுத்த தெரு கெடக்குது."

மிஷின் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

அவனும் போயிருக்கலாம். ஆனால் பெண்டாட்டி செத்தபிறகு ஒற்றை அறையில் படுத்தெழுகிறவன் அவன். தான் ஒருநாள் எழுந்திருக்காமல் கிடந்தால் கதவைத் தட்ட நாதியில்லை என்று இரவெல்லாம் புரண்டவன். இப்படி ஒரு சீவனை மூச்சுமுட்ட விட்டுவிட்டுப் போக அவனுக்குக் கால் வரவில்லை. ஈரத்துண்டை மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி உள்ளே நுழைந்தான்.

எரிந்த எண்ணெய் வாடையும், வெகுநாள் காற்றுப்படாத சுவர்களின் புழுங்கல் நாற்றமும், அதற்கெல்லாம் அடியில் அழுக்குத் தலையணையில் இருப்பதுபோன்ற ஒரு மனிதத் தலையின் வாசமும் நடையில் கலந்து நின்றன. டார்ச் வெளிச்சம் அங்கே இன்னும் அடங்காத வெள்ளைப் புகையில் முட்டித் திரும்பியது. அவன் செருப்புச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நடைக்கோடியில் வைத்த அட்டையில் பசையே தெரியவில்லை. அத்தனையும் சிவப்பு.

"அம்மா, பயப்படாதீங்க. மருந்து அடிக்கிற ஆளுதான். எங்க இருக்கீங்க?"

சுவரைத் தடவிக்கொண்டே மேலும் போனான்.

உள்ளறைக் கதவு தொட்டதும் திறந்தது. கட்டில் கிடையாது, சாமான் கிடையாது. வெறும் தரை. தரை முழுக்க எள்ளைக் கொட்டியதுபோலச் செத்த கொசு. நடுவில் மட்டும் ஓர் இடம் சுத்தமாக இருந்தது. தலை. தோள். வயிற்றோடு மடக்கிய முழங்கால். கொசு விழுந்து முடியும்வரை யாரோ ஒருக்களித்துப் படுத்திருந்த இடம்.

தொட்டான். சூடாக இருந்தது.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. எழுந்திருக்கிறார்கள் என்றால் உயிர் இருக்கிறது. எந்தப் பக்கம் போனார்கள் என்று காலடித் தடத்தைத் தேடினான். சுற்றிலும் ஒரு கொசுகூட நசுங்கவில்லை. கதவுப் பக்கம் இருந்தது அவன் தடம் மட்டும்.

அப்படியானால் வெளியே போகவில்லை.

ஒரு மூலை. அடுத்த மூலை. கதவுக்குப் பின்னால். யாருமில்லை.

கூரையிலிருந்து இன்னும் ஒன்றிரண்டு உதிர்ந்துகொண்டிருந்தன. ஒன்று அவன் மணிக்கட்டில் விழுந்தது. ஒன்று தரையில். ஒன்று தரைக்கு வரவில்லை. அவன் முகத்துக்கு நேரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், காற்றில் தங்கியது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று.

நெற்றி.

ஒரு தோள்.

மறுதோள்.

கொசுக்கள் படிந்த தோள் இரண்டும் மெதுவாக ஏறி இறங்கின.