பிரித்த தையல்

பிரித்தெடுத்த சிவப்பு நூல் றினோசாவின் விரலில் சூடாக இருந்தது. வெயில் எட்டாத அறை. நூலை உதறிவிட்டு, கத்தரியின் முனையை அடுத்த தையலுக்குள் நுழைத்தாள்.

குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில், வீட்டின் முன்னறையிலேயே உடுப்புகளைத் திருத்திக் கொடுப்பவள் அவள். இந்த வெள்ளை அங்கியைக் கொண்டுவந்தவள் ஹனான் என்ற பாலஸ்தீனப் பெண். தங்கையின் கல்யாணத்துக்கு உடுக்க இடுப்பை ஒடுக்கித் தரவேண்டும். பெய்த் தஜன் என்ற ஊரில் தைத்த அங்கி. 1948இல் அந்த ஊரார் ஒருவர்கூட மிஞ்சாமல் விரட்டப்பட்டார்கள், திரும்பிப்போக விடவில்லை. பூவேலையைப் பிரிக்காமல் உள்ளுக்கு மடித்துத் தைக்கும்படி திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் ஹனான் போனாள். மடித்தால் தடிப்பாகத் தெரியுமே. பிரித்து ஒடுக்கி, அதே நூலால் மறுபடி தைத்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

வெளியே சின்னவள் லைலா காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டர் கடகடத்தது.

“மகள், றோட்டுக்குப் போகாதீங்க!”

“சில் பண்ணுங்க உம்மா. நீங்க என்ன ட்ராஃபிக் பொலிஸா?”

றினோசா சிரித்துக்கொண்டே நூலை இழுத்தாள். அங்கியின் இடுப்போரத்தில் பூவேலையாக வரிசையாய் நின்ற சைப்ரஸ் மரங்களில் ஒன்று கழன்றுவந்தபோது பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் மெஷின் நின்றது. அடுத்தது கழன்றபோது ஓயாமல் குரைக்கும் நாய் பாதிக் குரைப்பில் அடங்கியது. எதிர்வீட்டில் வதங்கிய வெங்காயத்தின் வாசம் அறுந்து, அந்த இடத்தில் எரிந்த வைக்கோலும் ஈரமண்ணும் ஆட்கள் விட்டுப்போன வீட்டின் புழுக்கமும் கலந்த ஏதோ ஒன்று துணியிலிருந்து மெல்ல எழுந்தது. கை பழக்கத்தில் ஓடியது. கடைசி மரம் கழன்ற பிறகுதான் உறைத்தது. ஸ்கூட்டர் சத்தம் இல்லை.

“லைலா?”

வெளியே ஓடினாள். தெரு நெடுக வீட்டுக் கதவுகள் திறந்து கிடந்தன. எங்கோ ஒரு டிவி தனியே பேசியது. ஆள் இல்லை. பறவை இல்லை. புல்லில் ஸ்கூட்டர்.

“மகள்!”

உள்ளேயிருந்து பதில் வந்தது. முன்னறையிலிருந்து. துணியிலிருந்து.

திரும்பி ஓடி அங்கியை அள்ளிக் காதோடு சேர்த்தாள். துணிக்குள்ளே நிறையக் கால்கள் மண்பாதையில் அவசரமாக நடந்தன. அவற்றோடு லைலாவின் அழுகையும் தூரப் போய்க்கொண்டிருந்தது.

தைக்க வேண்டும். திரும்பத் தைக்க வேண்டும். ஊசியை எடுத்து, நூல் பிரிந்த வெறும் துளையொன்றில் இறக்கினாள்.

“உம்மா! நோகுது!”

கையை இழுத்தாள். அழுகை தூரப் போனது. இன்னும் தூரம்.

மறுபடி இறக்கினாள். அலறல். கிட்ட.

மறுபடி. இன்னும் கிட்ட.

கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். திறந்தபோது ஊசி இறங்கிய இடமெல்லாம் சிவந்திருந்தது.

ஊசியில் அவள் இன்னும் நூல் கோத்திருக்கவில்லை.