விரலளவு பூசணிக்காய் கேக்

மதியம் 2.40.

நோட்டுப்புத்தகத்தைக் காணவில்லை.

நீல அட்டை போட்ட மெல்லிய பள்ளிக்கூட நோட்டு. இடம், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நார்ட்விக் என்ற சிற்றூரின் ஊர்க்கூடம். அதன் சமையலறை அலமாரியில், காபிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நோட்டை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போயிருந்தார் வெர்னா லிண்ட்க்விஸ்ட். திரும்பி வந்தபோது கோப்பைகள் மட்டும்தான் இருந்தன. எழுபத்தொரு வயது விவசாயி. அலமாரியை மூன்று முறை கையால் தடவிப் பார்த்தார். பிறகுதான் கத்தினார்.

வாசற்படியோரம் நாற்காலியில் அரைக்கண் மூடியிருந்த உதவி ஷெரிஃப் மார்லிஸ் ஹாகன் எழுந்தாள். முழங்கால் கடகடத்தது.

இந்த வருடம் அவள் காவலுக்கு வந்த பதினான்காவது கூட்டம் இது. தடுப்பூசிக்கு இரண்டு, பள்ளி நூலகப் புத்தகங்களுக்கு மூன்று, காற்றாலைக்கு ஐந்து என்று கணக்கு நீண்டுகொண்டே போனது. வாஷிங்டனில் யாரோ யாரையோ திட்டினால் நார்ட்விக்கில் இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். திருடனைத் துரத்திய காலமே தேவலை என்று மார்லிஸுக்குத் தோன்றி வெகுநாளாயிற்று.

இன்றைய சண்டை டேட்டா சென்டர். செயற்கை நுண்ணறிவுக்கான இயந்திரங்களை வைக்க ஊரின் மேற்கே ஒரு நிறுவனம் நிலம் கேட்கிறது. வேலை வரும், பள்ளிக்கூடம் பிழைக்கும் என்றது ஒரு பாதி. அந்த இயந்திரங்களைக் குளிரவைக்க நம் கிணற்றுத் தண்ணீர் போய்விடும் என்றது மறு பாதி. எட்டு மைல் தள்ளி அதே நிறுவனம் மூன்று வருடம் முன்பு ஒன்றைத் திறந்திருந்தது. அதனால் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் இறங்கவில்லை என்று நிறுவனம் சத்தியம் செய்தது. இறங்கியது என்பதற்கு ஒரே சாட்சி வெர்னாவின் நோட்டு. நாலு மணிக்கு ஊர் மன்றத்தின் ஐந்து உறுப்பினர்களும் வாக்களிப்பார்கள்.

"நகல் இருக்கா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"திங்கக்கிழமை எடுக்கலாம்னு இருந்தேன்."

"எத்தனை வருஷத்துக் கணக்கு?"

"பதினோரு வருஷம். மாசாமாசம் முதல் ஞாயிறு, கிணத்துல டேப்பை இறக்கி அளந்துடுவேன். ஒரு மாசம் விட்டதில்லை."

"இடுப்பு ஒடிஞ்சு கிடந்தீங்களே, அப்போ?"

"அந்த எட்டு மாசம் பக்கத்துப் பண்ணை லோயிஸ் அளந்து எழுதினா. நோட்டு இல்லாட்டி நான் வெறும் கிழவி, ஆபீசர். கிழவி சொல்றதை எவன் கேப்பான்?"

2.50. மார்லிஸ் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். இடைவேளை 2.10க்குத் தொடங்கியது. 2.30க்கு அவளே சமையலறைக்குப் போய்க் காபி ஊற்றிக்கொண்டாள். நோட்டு அப்போது அலமாரியில் இருந்தது. மேசையில் லோயிஸ் கொண்டுவந்த பூசணிக்காய் கேக் டிரேயில் விரலளவுத் துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. மார்லிஸுக்கு நாக்கு ஊறியது. ஆனாலும் தொடவில்லை. இந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியை வெட்டுவார்கள், அந்தப் பாதியில் பாதியை வெட்டுவார்கள், எறும்புக்கும் பத்தாத அளவு வந்தாலும் மிச்சம் வைப்பார்கள்.

2.32க்கு வெர்னா கழிப்பறைக்குப் போனார். அதன்பின் எட்டு நிமிடங்களில் சமையலறைக்குள் போய்வந்தவர்கள் மூன்றே பேர். நாற்காலியிலிருந்து அந்தக் கதவு நன்றாகத் தெரியும். பின்கதவுப் பூட்டு இரண்டு வருடமாகத் திறப்பதில்லை. அதைச் சரிசெய்வது பற்றியும் ஒரு கூட்டம் போட்டு அடித்துக்கொண்டார்கள். வாசலைத் தாண்டி யாரும் வெளியே போகவில்லை. ஆகவே நோட்டு கட்டடத்துக்குள்தான் இருந்தது.

எல்லோரும் தாங்களாகவே பையையும் கோட்டையும் திறந்து காட்டினார்கள். நோட்டு இல்லை.

3.05. முதலில் ட்ரெவர் கால்வே. நிறுவனத்தின் ஆள், டெக்சாஸ்காரன். புத்தம்புது பூட்ஸ். கூட்டத்தில் பாதி அவனை ஏற்கெனவே திருடனாக்கிவிட்டிருந்தது.

"சமையலறையில என்ன வேலை?"

"பசி மேடம். ரெண்டு துண்டு கேக் தின்னேன், அது இடைவேளை ஆரம்பத்துல. மறுபடி போனப்ப ஒரு கீத்துதான் இருந்துச்சு."

"அதையும் தின்னீங்களா?"

"கை நீட்டினேன். பக்கத்துல நின்ன அம்மா ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க. கையைப் பையில விட்டுட்டு வந்துட்டேன்."

"எந்த அம்மா?"

"கேக் செஞ்ச அம்மாதான்."

3.12. கோர்டி சாதர். ஊர் மன்றத் தலைவர். டேட்டா சென்டர் வேண்டும் என்பவர்.

"நான் எதுக்குத் திருடணும், மார்லிஸ்? ஓட்டு எண்ணிக்கை எனக்குத் தெரியாதா? மூணுக்கு ரெண்டு, நாங்கதான். பாலுக்காகப் போனேன், பாலை ஊத்தினேன், வந்தேன்."

"கேக்?"

"போன உடனே கீத்துல பாதி எடுத்தேன். மீதியை விட்டுட்டேன். நான் என்ன காட்டுமிராண்டியா?"

3.18. லோயிஸ் ப்ரெக்கி. வெர்னாவின் பக்கத்துப் பண்ணைக்காரி, நாற்பது வருடத் தோழி. கோட்டைப் போட்டுக்கொண்டு, மூடி போட்ட டிரேயைக் கக்கத்தில் இடுக்கியபடி வாசலிலேயே நின்றாள். டிரேயின் அடியில் ஒட்டிய டேப்பில் அவள் பெயர்.

"என்னைச் சீக்கிரம் விட்டுடு மார்லிஸ். மூணு மணிக்கே எங்க வீட்டுக்காரர் ஆர்லனுக்கு மாத்திரை குடுத்திருக்கணும். அவர் கை நடுக்கம் எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமே."

"ரெண்டு நிமிஷம். சமையலறையில யாரையாவது பார்த்தீங்களா?"

"அந்த டெக்சாஸ்காரனைப் பார்த்தேன். கோர்டியைப் பார்த்தேன். வேற யாரும் இல்லை."

"இவ கிட்ட என்ன விசாரணை?" வெர்னா குறுக்கே வந்தார். "அந்த பூட்ஸ்காரனைப் புடிங்க!"

"நோட்டே பொய்க் கணக்கு, அதான் நீயே ஒளிச்சிட்டே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நாற்காலிகள் இழுபட்டன. மார்லிஸ் கையைத் தூக்கி எல்லோரையும் உட்காரவைத்தாள். அவளுக்கு உண்மையிலேயே அழுகை வரும் போலிருந்தது. அலுப்பில் வருகிற அழுகை.

3.25. சமையலறைக்குத் திரும்பிப் போய்க் குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். காபித் தூள், காகிதக் கோப்பைகள். எல்லாவற்றுக்கும் அடியில் மடித்த காகிதத் துண்டு ஒன்று. பிரித்தாள்.

உள்ளே கேக். பல் படாத கீற்று.

காகிதத்தோடு அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு கூடத்துக்கு வந்தாள்.

"லோயிஸ், டிரேயைத் திறங்க."

"கழுவாத டிரேயை எதுக்கு..."

"திறங்க."

மூடி திறந்தது. நீல நோட்டு. அட்டை மேல் ஆரஞ்சு நிறத் துகள்கள்.

முன்வரிசை எழுந்து எட்டிப் பார்த்தது.

"பையில தேடினேன், கோட்டுல தேடினேன். கேக் டிரேயைத் திறக்கச் சொல்ல எனக்குத் தோணலை, யாருக்குமே தோணலை" என்றாள் மார்லிஸ். "ஆனா இந்தக் கீத்து குப்பையில கிடந்துச்சு. வெளியூர்க்காரன்னா தின்னிருப்பான். உள்ளூர்க்காரன்னா விட்டுட்டுப் போயிருப்பான். தூக்கி எறிஞ்சவங்களுக்குக் கேக் வேண்டாம், டிரேதான் வேணும். முப்பது வருஷமா உங்களைப் பார்க்கிறேன் லோயிஸ். மிச்சம் இருந்தா யார் கையிலயாவது 'நீ தின்னு, நீ தின்னு'ன்னு திணிச்சுட்டுத்தான் டிரேயை எடுப்பீங்க. இன்னிக்கு யார் கையிலயும் திணிக்கலை."

லோயிஸ் வெர்னாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"எங்க நிலத்தைத்தான் கேக்கிறாங்க. வித்தா ஆர்லனைப் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல கொண்டுபோய் வெச்சுக்கலாம். எனக்கு முடியலை வெர்னா. தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, எதுக்கும் தெம்பு இல்லை. ஞாயித்துக்கிழமை உன் மேசையிலேயே திருப்பி வெச்சிருப்பேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் வெர்னா.

"சொன்னா நீ சரின்னு சொல்லியிருப்பே. அதுக்குத்தான் சொல்லலை."

வழக்கு வேண்டாம் என்று வெர்னா தலையசைத்தார்.

3.50. கோர்டி நோட்டைப் புரட்டினார். நடுவில் நிறுத்தினார்.

"இந்த எட்டு மாசம் வேற கையெழுத்து. எட்டு மைல் தள்ளி இருக்கிற டேட்டா சென்டர் திறந்த உடனே வர்ற மாசங்கள். அளந்தவங்களே எழுந்து சொன்னாத்தான் செல்லும். இல்லாட்டி அந்தப் பக்கங்களை எடுத்துக்க முடியாது."

அந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால் தண்ணீர் எப்போது இறங்கியது என்று காட்ட நோட்டில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் சட்டென்று இறங்கியது அந்த எட்டு மாதங்களில்தான். லோயிஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நிலம் விற்றுவிடும். கூடம் முழுவதும் அவளைப் பார்த்தது. வெர்னா மட்டும் பார்க்கவில்லை.

லோயிஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். மேசைக்குப் போய் நோட்டை வாங்கினாள். எழுத்து தெரியவில்லை, தள்ளிப் பிடித்தாள். வெர்னா தன் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைத் திருப்பாமலே அவள் பக்கம் நீட்டினார்.

"நவம்பர், முதல் ஞாயிறு. தண்ணி இருபத்துமூணு அடி ஆழத்துல. அளந்தது நான்தான்" என்று படித்தாள் லோயிஸ். "டிசம்பர். இருபத்தாறு. ஜனவரி. முப்பது."

எட்டு மாதங்களையும் படித்து முடித்தாள்.

4.20. மூன்றுக்கு இரண்டு. இந்த முறை மூன்று டேட்டா சென்டரை எதிர்த்தவர்கள் பக்கம். ட்ரெவர் தன் தாள்களை அடுக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினான். சிலர் கைதட்டினார்கள். சிலர் கதவை அறைந்துவிட்டுப் போனார்கள்.

மார்லிஸ் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். லோயிஸ் காலி டிரேயை மடியில் வைத்தபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். வெர்னா நடந்துபோய் அவள் எதிரில் நின்றார். கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆர்லனுக்கு மாத்திரை நேரம் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. எழுந்திரு, வண்டியை எடு" என்றார். "குளிப்பாட்ட நானும் வர்றேன்."