தண்ணீர்விட்டான் கொடி

நேற்று குச்சியில் சுற்றிச் சணலால் கட்டிவிட்ட கொடி, இன்று முடிச்சிலிருந்து நழுவி மறுபடியும் வீட்டுப் பக்கம் சாய்ந்து கிடந்தது. இது மூன்றாவது தடவை. வெளிச்சம் விழுவது எதிர்ப் பக்கம். தாவரவியலில் பட்டம் வாங்கிய அகல்யாவுக்குத் தெரிந்தவரை, எந்தத் தளிரும் வெளிச்சத்தை விட்டுவிட்டு இருட்டறையைத் தேடிப் போகாது. இது போகிறது.

"உனக்கும் இந்த வீட்டு ஆளுங்க புத்தி வந்துடுச்சா?" என்று திட்டிக்கொண்டே இழுத்தாள். உள்ளங்கையில் முள் ஏறியது.

வடக்கே தலைநகரின் ஓரத்தில், பதர்பூருக்கு அப்பால், அம்மா செங்கம்மாள் வீடு வீடாகப் பத்துப் பாத்திரம் தேய்த்து வாங்கிய ஐம்பது சதுர கஜ மனை அது. முன்னால் ஓர் அறை, பின்னால் நாலு முழம் மண். அங்கே யாரும் நடாமல் முளைத்திருந்த தண்ணீர்விட்டான் கொடியைப் போன வருஷம் அகல்யாதான் அடையாளம் கண்டு, ஆடு மேயாமல் முள்வேலி வைத்துக் காப்பாற்றினாள். நோஞ்சானாகக் கிடந்த அது, இந்த மூன்று வாரத்தில் வெறிபிடித்த மாதிரி வளர்ந்துவிட்டது.

அதே மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அக்கா மேகலாவுக்குக் குழந்தை பிறந்தது. ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழைய முடியாத மழையில், வீட்டிலேயே. அக்காவுக்குப் பால் சுரக்கவில்லை. பவுடர் பாலைக் குழந்தை கக்கியது. ஓயாமல் அழுதது. இப்போது அந்த அழுகையும் மெலிந்துகொண்டே வந்தது.

"பதினஞ்சு வருஷம் படிச்சியே, ஒரு சொட்டுப் பாலுக்கு வழி இருக்காடி அதுல?" என்றாள் மேகலா, சுவரைப் பார்த்துப் படுத்தபடி.

"இருக்கு. பேசாம படு."

தாய்ப்பால் ஊற இந்தக் கொடியின் கிழங்கைத்தான் கொடுப்பார்கள். அகல்யா கொடியின் அடியில் உட்கார்ந்தாள். மதியம் மூன்று மணிக்கே மேகம் கவிந்து மண்ணின் நிறம் மங்கியிருந்தது. தூரை விட்டுவிட்டு ஓரத்துக் கிழங்குகளை மட்டும் எடுக்க நினைத்துத் தோண்டினாள். மழை மண்ணின் வாசனை வரவில்லை. அடுப்பில் பொங்கி வழிந்த பாலின் தீய்ந்த வாசனை மெதுவாக ஏறிவந்து தொண்டையில் ஒட்டியது. வெள்ளையும் சதையுமாய், கொத்துக் கொத்தாய்க் கிழங்குகள். தொட்டாள். வெதுவெதுப்பு.

வெயில் பட்ட மண்தானே, என்று சொல்லிக்கொண்டாள். வெயிலே இல்லை.

தோலைச் சீவி நடு நாரை உருவினாள். கிழங்கு ஒரு சாண். நார் ஒரு முழம் வந்தது. இன்னும் வந்தது. நுனி சிவப்பாய் நனைந்திருந்தது. உதறி எறிந்தாள்.

வேலை முடிந்து வந்த செங்கம்மாள் குழியைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே போட்டாள்.

"அங்கயா நோண்டின?"

"ஏன், புதையல் வச்சிருக்கியா?"

"பாவி! மேகலாவுக்குப் புள்ள பொறந்தப்ப விழுந்த நச்சுக்கொடிய அங்கதான்டி புதைச்சேன். துணியில முடிஞ்சு, உப்புப் போட்டு. அதக் கிளறினா தாய்க்கும் புள்ளைக்கும் ஆகாதுடி."

"எங்கிட்ட ஏன்மா சொல்லல?"

"சொன்னா சிரிப்பியே. பெரிய படிப்பாளி!"

கோபத்தில் அகல்யா மறுபடியும் குழி ஓரம் உட்கார்ந்தாள். கோபம்தான், வேறொன்றுமில்லை. குழியை ஆழமாகப் பறித்தாள். துணி இருந்தது. முடிச்சு அவிழவில்லை. கிழித்தாள்.

உள்ளே எதுவும் இல்லை. நாலாபக்கமும் துளைகள். எல்லா வேரும் அந்தத் துளைகளுக்குள் நுழைந்து, மறுபக்கம் ஒன்றாய்த் திரண்டு, மணிக்கட்டுப் பருமனில் வெளியேறியிருந்தது. சுவருக்கு அடியில். வீட்டுக்குள்.

அப்போதுதான் உறைத்தது. அழுகைச் சத்தம் இல்லை.

உள்ளேயிருந்து மேகலாவின் குரல், மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிரிப்போடு. "அம்மா, புள்ள குடிக்குதும்மா! சத்தம் கேக்குது பாரு!"

மடக். மடக்.

அகல்யா ஓடினாள். அக்கா கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். குழந்தை கீழே, விரிப்பில். தரைச் செங்கல் இரண்டு விலகியிருந்தன. நடுவிலிருந்து ஒரு வெள்ளைத் தளிர். முள் இல்லை. கட்டைவிரல் பருமன். நுனி குழந்தையின் வாய்க்குள்.

மடக்.

குழந்தையின் தொண்டை அசையவில்லை.

தளிர் அசைந்தது. ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு புடைப்பு அதற்குள் இறங்கியது. வாயிலிருந்து. மண்ணுக்கு.