தள்ளிப்போடும் மாத்திரை

பதினாறு அகலில் எட்டுக்குத்தான் திரி போட்டிருந்தாள் தேவிப்ரியா. வேலை முடிந்ததென்று எழுந்தவளை மாமியார் மணியம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இன்னாம்மா, அந்தாண்ட பாதி அப்படியே வுட்டுட்ட?"

அந்தாண்ட என்று எதுவும் இல்லை. வலப்பக்கம் வரிசை முடிந்திருந்தது, வாசலும் அங்கேயே முடிந்திருந்தது. கழுத்தை நன்றாகத் திருப்பியபோதுதான் மீதி எட்டும் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்தன.

விரத மயக்கம் என்று நினைத்தாள். மலையில் தீபம் தெரியும்வரை வீட்டில் லைட்டும் கிடையாது, அவளுக்குச் சோறும் கிடையாது. மூன்று கரு கலைந்த பிறகு வேலூர் டாக்டர்தான் கண்டுபிடித்தார். அவள் உடம்பே அவள் ரத்தத்தோடு சண்டை போடுகிறதாம், ரத்தம் கண்ட இடத்தில் உறையுமாம், மூளையில் அடைத்தால் பக்கவாதமாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்றார். நிறுத்திப் பத்து நாள் ஆகிறது.

பத்து நாள் முன்பு, கொடியேற்றத்தன்று, மணியம்மாள் காலண்டர் பார்த்தாள். தீபமும் மருமகளின் வீட்டுவிலக்கும் ஒரே நாளில் வந்தன. பிள்ளை வரம் கேட்டு விளக்கேற்ற வேண்டியவள் மூலையில் உட்கார்ந்தால் எப்படி? மெடிக்கலில் தேதி தள்ளிப்போடும் மாத்திரை வாங்கி வந்தாள். பண்டிகை வந்தால் தெருவில் பாதிப் பெண்கள் போடுவதுதான். ரத்தம் இளக்குகிற மாத்திரையும் சேர்ந்தால் இது வேலை செய்யாதென்று அதை எடுத்து ஒளித்தும் வைத்தாள். தேவிப்ரியா தலையாட்டினாள். பிள்ளை ஆசை யாரை விட்டது? டாக்டரைக் கேட்க எஸ்.டி.டி. பூத் நாலு கடை தள்ளித்தான் இருந்தது.

இருட்டிக்கொண்டு வந்தது. நல்லெண்ணெய் வாசனையும் வெடிமருந்துப் புகையும் கலந்து தொண்டையில் ஒட்ட, மாட வீதிப் பக்கமிருந்து கிளம்பிய அரோகரா தெருத்தெருவாக ஏறி இவர்கள் வாசலுக்கு வந்தது. மலையுச்சியில் தீபம். தேவிப்ரியா அகல் முன் உட்கார்ந்து தீக்குச்சி உரசப் போனாள். குச்சி விழுந்தது. குனிந்தாள். வலது கை வரவில்லை.

கை. அடுத்தது வாய் கோணும். அப்புறம் பேச்சு. இப்படி ஆனால் உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். புருஷன் குமரேசன் ஸ்பெஷல் பஸ் ஓட்டப் போயிருந்தான்.

ஆட்டோ கூப்பிடுங்க அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போகணும். மனதில் ஒரு எழுத்து பிசகவில்லை. வாயிலிருந்து வந்தது மாடு கத்துவதுபோல் ஒரு சத்தம். எச்சில் வழிந்தது. உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து ஆடினாள்.

எதிர்வீட்டு சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி வந்திருக்குதுக்கா."

மணியம்மாளின் கண் நிறைந்தது. இந்த வீட்டில் பிள்ளை தங்குமா என்று கேட்டாள். மறுபடி அதே சத்தம். பெண்கள் கூடினார்கள். யாரோ குங்குமம் அப்பினார்கள். மெய்யான சாமிதானா என்று பார்த்துவிடலாம் என்றாள் சரோஜா. உள்ளங்கையில் கற்பூரம் ஏற்ற வேண்டும். சாமி என்றால் சுடாது.

ஏற்றட்டும். தேவிப்ரியாவுக்கு உயிரே வந்தது. சுட்டால் துடிப்பேன். நான் சாமி இல்லையென்று தெரியும். ஆட்டோ வரும்.

காத்திருந்தாள்.

கற்பூர வாசனை. பிறகு வேறொரு வாசனை. முடி கருகுவதுபோல். கறி கருகுவதுபோல். கழுத்தைத் திருப்பினாள். வலது கை மணியம்மாளின் மடியில் இருந்தது. உள்ளங்கையில் நெருப்பு. தோல் கொப்பளித்தது. வெடித்தது.

வலிக்கவில்லை. கொஞ்சம்கூட.

"சுடல பாரு," என்றாள் மணியம்மாள், அழுதுகொண்டே. பெண்கள் ஒவ்வொருவராக தேவிப்ரியாவின் காலில் விழுந்தார்கள். மணியம்மாள் இன்னொரு கட்டி எடுத்து, வெந்த குழியில் வைத்து, ஏற்றினாள்.