நனை

"தண்ணீர்னு சொல்லு," என்றார் எல்லைத்துறை அதிகாரி பரந்தாமன், லீமாவின் மோவாயை இரண்டு விரலால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு.

குழாயடி வரிசை மொத்தமும் வேடிக்கை பார்த்தது. எதிரே நாமானி நின்றது, பேச்சை அளக்கிற இயந்திரம். ஆள் உயரம், நெற்றியில் ஒரு விளக்கு, இடுப்பில் இரண்டு இரும்புப் பிடி. ஆரல்முக்கு ஊரில் அதன் முன் வாய் திறக்காமல் ஒருத்தரும் ஒரு மடக்குக் குடிக்க முடியாது. பேச்சு சுத்தமான ஊர்ப்பேச்சு என்றால் முழுப்பச்சை எரியும், டம்ளர் நிறையும். கலப்பு என்றால் அரைப்பச்சை, அரை டம்ளர். கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பேச்சு என்றால் சிவப்பு. பிடி வந்து மணிக்கட்டைக் கவ்வும், ஆளை வண்டியில் ஏற்றிக் கணவாய்க்கு அப்பால் தள்ளிவிடுவார்கள். அட்டையைத் திருடலாம், கைரேகையைத் தேய்த்து அழிக்கலாம், நாக்கை என்ன செய்ய முடியும்? அப்படித்தான் நினைத்தது எல்லைத்துறை.

லீமாவுக்குப் பதினாலு வயசு. அம்மா இடுப்பில் உட்கார்ந்து கணவாயைத் தாண்டி வந்தவள். அம்மா போய்ச்சேர்ந்த பிறகு பேருந்து நிலையத்தில் கனியோடும் மற்ற பெண்களோடும் வளர்ந்தாள். பேச்சில் கனிக்கும் அவளுக்கும் வித்தியாசமே தெரியாது. பயந்தால் மட்டும் அம்மாவின் வார்த்தை வாயில் வந்து நிற்கும். இப்போது பயந்திருந்தாள்.

"வெள்ளம்," என்றாள்.

சிவப்பு எரிந்தது. பிடி கவ்வியது.

"சாரே, நீரு கைய வச்சதுல பயந்துட்டா," என்று முன்னால் வந்தாள் கனி. முழுப்பேர் சுயம்புகனி, லீமாவைவிட இரண்டு வயசு மூத்தவள். "கைய எடுத்துட்டுக் கேளும். ஒழுங்காச் சொல்லுவா."

"நீ யாரு இவளுக்கு?"

"நாங்க ஒண்ணாக் கெடக்கோம்."

"நாயுங்ககூடத்தான் ஒண்ணாக் கிடக்குது." வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பரந்தாமனுக்குக் குரல் ஏறிவிட்டது. "ஊர் பூரா செவிக்கம்பம் நட்டிருக்கேன். தெருவுல பேசுறதை எல்லாம் கேட்டுக் கேட்டு நாமானி தானே கத்துக்கும். எது அதிகமாக் காதுல விழுதோ அதுதான் ஊர்ப்பேச்சு. மனுஷன் பொய் சொல்லுவான், இது சொல்லாது."

லீமாவை வடிகூடத்துக்குக் கொண்டுபோனார்கள். சிவப்பு எரிந்தவர்களை வண்டி நிறையும்வரை அடைத்துவைக்கிற இடம் அது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால்தான். அதன் கதவுக்கும் ஒரு நாமானிதான் காவல், முழுப்பச்சை எரிந்தால்தான் திறக்கும். கனிக்குப் பிறந்ததிலிருந்து அரைப்பச்சைதான்.

அன்றைக்கு அவள் அழவில்லை. அழுகிற ஆத்திரம் இல்லை அது. பரந்தாமனின் வாயிலிருந்து விழுந்ததையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருந்தாள். தெருவில் அதிகமாகக் காதில் விழுவது யார் பேச்சு? கௌரவமான ஜனங்கள் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். செவிக்கம்பத்துக்குப் பயந்து, வாசலில் நின்று பிள்ளையைக் கூப்பிடுவதைக்கூட விட்டுவிட்டார்கள். தெருவில் வாய் கிழியக் கத்துவது யார்? வேர்க்கடலை விற்கிற ரோசிலி, பூ விற்கிற இசக்கி, எல்லாரோடும் சண்டை போடுகிற கனி.

அவர்களுக்கென்று ஒரு வார்த்தையும் இருந்தது. அரை டம்ளர் கொடுத்த குழாய் மீதிருந்த கடுப்பில் இசக்கி ஒருநாள், "இந்தச் சவம் குடிக்கவா காணும், உதட்ட நனைக்கத்தான் காணும்" என்றாள். அதிலிருந்து அவர்களுக்குத் தண்ணீரின் பேர் நனை. ஊரில் வேறு யாருக்கும் அந்த வார்த்தை தெரியாது.

"ஏட்டி, எந்தக் கம்பத்தக் கண்டாலும் நனை நனைன்னு கத்தணும்," என்றாள் கனி. "தொண்ட கிழிஞ்சாலும் விடப்பிடாது. நம்ம பேச்சுதான் ஊர்ப்பேச்சுன்னு அந்தக் கதவு நம்பணும். லீமாவ வண்டியில ஏத்துறதுக்கு முன்ன நம்பணும்."

கத்தினார்கள். மேம்பாலத்துக்கு அடியில், சந்தையில், பள்ளிக்கூட மதில் ஓரத்தில், வடிகூடத்துச் சுவரை ஒட்டி. மாடியிலிருந்து ஒரு அம்மாள் கழுநீரை அவர்கள் தலையில் கொட்டினாள். ஒரு கடைக்காரன் ரோசிலியைக் கல்லால் அடித்தான். நெற்றியில் ரத்தத்தோடு, அவன் கடை எதிரில் இருந்த கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் இன்னும் நாலு தடவை கத்தினாள்.

முதலில் வங்கி மேலாளருக்கு அரைப்பச்சை எரிந்தது. மனிதர் நம்பாமல் அரை டம்ளரை வெயிலில் தூக்கிப் பார்த்தார். பிறகு தமிழாசிரியை ஒருவருக்குச் சிவப்பு. அந்தக் கடைக்காரனுக்கும் சிவப்பு. என்ன கோளாறு என்று பார்க்க வடிகூடத்துக்கு வந்த பரந்தாமன், தலைநகரத்துச் சுத்தமான உச்சரிப்பில் "தண்ணீர்" என்றார். நாமானி அவர் மணிக்கட்டைக் கவ்வியது. அவிழ்க்க ஓடிவந்த காவலர்கள் ஆளுக்கொரு விதமாகத் "தண்ணி" என்று சொல்லிப் பார்த்தார்கள். சிவப்பு எரிய எரிய, இரண்டாவது பிடி நீளும் முன்பே ஒவ்வொருவராக நழுவி ஓடிப்போனார்கள்.

கனி ஆற அமர நடந்து வந்தாள்.

"ஏம்மா, இதுகிட்ட என்னம்மா சொல்லணும்?" என்றார் பரந்தாமன்.

"இப்ப அம்மாவா?" என்றாள் கனி. "இத்தன நாளு தெருவுலதான கத்தினோம். காது கேக்கலையாக்கும்." நாமானியின் பக்கம் திரும்பினாள். "நனை."

முழுப்பச்சை. வாழ்க்கையில் முதல் தடவை. கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்களில் முதல் ஆளாக லீமா வெளியே வந்தாள், உதடு வெடித்துப்போய். கனி அவளைக் கட்டிக்கொண்டாள். அப்போது நாமானியின் விளக்கு லீமாவின் முகத்துக்குத் திரும்பியது. இரண்டாவது பிடி மெல்லத் திறந்துகொண்டது.

"சொல்லுட்டி," என்றாள் கனி. "அதுக்குப் பதில் சொல்லிட்டு வா, போவோம்."

லீமா பரந்தாமனின் மணிக்கட்டைப் பார்த்தாள். பழைய பயம் திரும்ப வந்தது. "வெள்ளம்," என்றாள்.

சிவப்பு எரிந்தது. பிடி அவள் கையை நோக்கி நகர்ந்தது.

"மூதி, எத்தன நாளு கத்தினோம் உனக்காவ." கனி அவள் மோவாயை இரண்டு விரலால் நிமிர்த்திப் பிடித்தாள். "நனைன்னு சொல்லு."

லீமா அவளையே பார்த்தாள். பிடி மணிக்கட்டைக் கவ்வியபோதுகூட அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நீங்க கத்துனது உள்ள எனக்குக் கேட்டுது கனி," என்றாள். "அத்தன பேரும் சேந்து வெள்ளம்னு கத்தியிருக்கலாம்லா?"

கனிக்கு அது தோன்றவே இல்லை. ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. லீமாவின் மோவாயிலிருந்து விரலை எடுக்கவும் மறந்து நின்றாள்.